பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: பாரம் எங்கே இருக்கிறது?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. சரி, விண்டோஸ் 11 போடலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசசராக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். 2017க்கு முன்னால் வந்த லேப்டாப்களில் ஏறக்குறைய எல்லாமே இந்தக் கதவுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. அவற்றில் பலவற்றின் திரையும் கீபோர்டும் இன்னும் நன்றாக இருக்கின்றன. எழுத, படிக்க, கணக்குப் பார்க்க, இணைய வகுப்பில் சேர்ந்து கேட்க அந்தப் பிராசசர்கள் தாராளமாகப் போதும். அப்படி ஒரு லேப்டாப்போடு லினக்ஸ் பக்கம் வருகிறவர் முதலில் கேட்பது, "இருப்பதிலேயே லேசான லினக்ஸ் எது?" என்பதுதான்.

இதற்கு ஒரே ஒரு பெயரைப் பதிலாகச் சொல்வது எளிது. ஆனால் அந்தப் பெயரை நம்பிப் போட்டவர்களில் பலர், "லினக்ஸ் போட்டும் அப்படியேதான் இருக்கிறது" என்று சலித்துக்கொள்கிறார்கள். காரணம் இருக்கிறது. பழைய லேப்டாப் திணறும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: டிஸ்க், ராம், பிரவுசர். டிஸ்ட்ரோவை, அதாவது உபுண்டு, டெபியன் போல லினக்ஸைக் கட்டித் தரும் தொகுப்பை, மாற்றுவதால் நேராகக் குறைவது ராம் மீதுள்ள பாரம் மட்டும்தான், அதுவும் ஓரளவுக்கு. மற்ற இரண்டுக்கும் நாம்தான் கை வைக்க வேண்டும். அதனால் எந்த டிஸ்ட்ரோ என்பதை மூன்றாவது கேள்வியாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

லேசான லினக்ஸ் என்றால்

லினக்ஸின் அடியில் இருப்பது, லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய கெர்னல் என்ற மையப் பகுதி. உபுண்டுவிலும் அதுதான், டெபியனிலும் அதுதான், இருபது எம்பி சொச்சத்தில் அடங்கிவிடும் டைனி கோரிலும் அதுதான். லேசு, பாரம் என்று நாம் பேசுவதெல்லாம் அதற்கு மேலே அடுக்கப்படும் பொருட்களைப் பற்றி. டெஸ்க்டாப், பின்னணியில் ஓடும் சேவைகள், கூடவே வரும் மென்பொருட்கள், அவை எந்த வடிவத்தில் கட்டப்பட்டிருக்கின்றன என்பது. இவற்றில் கண்ணுக்குத் தெரிவது டெஸ்க்டாப், அதாவது திரையில் நாம் பார்க்கும் மெனு, பட்டை, ஜன்னல்கள் எல்லாம் சேர்ந்த முகப்பு.

க்னோம் டெஸ்க்டாப் எழுந்து நிற்பதற்குள்ளேயே ஏறத்தாழ ஒரு ஜிபி ராம் போய்விடும். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி இரண்டும் அதில் பாதியையொட்டி நிற்கும். ஐஸ்டபிள்யூஎம் போன்ற, ஜன்னல்களை மட்டும் கவனிக்கும் வெறும் விண்டோ மேனேஜரோடு வரும் ஆன்டிக்ஸ் டிஸ்ட்ரோவில் 200 எம்பியைச் சுற்றியே வேலை முடிந்துவிடும். டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ இந்த எண்கள் மாறும். வரிசை அவ்வளவாக மாறாது.

எக்ஸ்எஃப்சிஇயை ஒலிவியே ஃபூர்தான் 1996இல் தொடங்கினார். பல வருடங்களாக அது அடிப்படைத் தோற்றத்தை மாற்றாமல் இருப்பது எனக்கு அதன் பெரிய பலமாகத் தெரிகிறது. விண்டோஸிலிருந்து வருகிறவர் பத்து நிமிடத்தில் பழகிவிடலாம். எல்எக்ஸ்கியூடிக்குக் கொஞ்சம் சுற்றுவழி வரலாறு. 2006இல் தொடங்கிய எல்எக்ஸ்டிஇயும், ரேசர்-கியூடி என்ற வேறொரு திட்டமும் 2013இல் கைகோத்ததில் உருவானது அது. உபுண்டுவின் லேசான வடிவமான லுபுண்டு 2018இல் இதற்கு மாறியது.

ராம் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்க்கும்போது புதியவர்கள் தவறாமல் குழம்பும் இடம் ஒன்று உண்டு. சும்மா கிடக்கும் ராமை லினக்ஸ் வீணாக விடாது. டிஸ்கிலிருந்து ஒருமுறை படித்த கோப்புகளை அங்கேயே கேஷாக வைத்துக்கொள்ளும். அதனால் 'ஃப்ரீ' என்ற இடத்தில் நூறு எம்பிதான் தெரிகிறதே என்று பதற வேண்டாம். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற எண். ஒரு மென்பொருளுக்கு இடம் தேவைப்பட்ட மறுகணம் கேஷ் காலி செய்து கொடுக்கப்படும்.

டிஸ்க்: முதலில் மாற்ற வேண்டியது

பழைய லேப்டாப்களில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் வகை. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட் ஆகிறது. தேவையான இடம் ஊசிக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு முன் ஊசி சரியான தடத்துக்கு நகர வேண்டும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், சிதறிக் கிடக்கும் துண்டுகளைச் செகண்டுக்கு நூறு தடவைக்குள்தான் அதனால் எடுத்துக் கொடுக்க முடியும். ஒரு பிரவுசரைத் திறப்பது என்றால் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புத் துண்டுகளைப் படிப்பது. எவ்வளவு லேசான லினக்ஸாக இருந்தாலும் அந்த ஊசியை வேகமாக நகர்த்தாது.

ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. மலிவான சாட்டா எஸ்எஸ்டிகூட இந்தச் சிதறல் வாசிப்பைச் செகண்டுக்குப் பல்லாயிரம் தடவை செய்துவிடும். பழைய லேப்டாப்பில் டிஸ்கை இணைக்கும் வழி சாட்டா இரண்டாம் தலைமுறைதானே, அதன் உச்ச வேகம் செகண்டுக்கு 300 எம்பிதானே என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை. அந்த உச்ச வேகம் பெரிய கோப்புகளைத் தொடர்ச்சியாக நகலெடுக்கும்போதுதான் தெரியும். அன்றாட வேலையில் நாம் உணர்வது காத்திருக்கும் நேரம் குறைந்ததைத்தான். 120 ஜிபி அளவே லினக்ஸுக்கு மிகத் தாராளம்.

பணம் செலவழிக்க ஒரே ஒரு வாய்ப்புதான் என்றால் நான் எஸ்எஸ்டிக்குத்தான் கை காட்டுவேன். ஏற்கெனவே 4 ஜிபி இருக்கும்பட்சத்தில் ராமுக்கு இரண்டாம் இடம். ராம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: டிடிஆர்3 ராம் 1.5 வோல்ட்டில் ஓடுவது, டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டிலும் ஓடுவது. சில லேப்டாப்கள் 1.35 வோல்ட் மட்டுமே தரும், அவற்றில் சாதாரண டிடிஆர்3 வேலை செய்யாது. பழைய ராமில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எஸ்எஸ்டி மாற்ற வழியே இல்லை என்றால், குறைந்தபட்சம் இருக்கும் டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். லினக்ஸில் டிஸ்க்ஸ் என்ற மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைக் காட்டும். அதில், பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்கின் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் அந்த டிஸ்க் போகிற வழியில் இருக்கிறது. அதன் மேல் எதை நிறுவினாலும் வீண்.

ராம் போதாதபோது

ராம் நிரம்பிவிட்டால் லினக்ஸ் சில பகுதிகளை டிஸ்கில் உள்ள ஸ்வாப்புக்கு நகர்த்தும். சுழலும் டிஸ்காக இருந்தால் இங்கேதான் மவுஸ்கூட நகராமல் திரை உறைந்து நிற்கும். இதற்கு ஒரு நல்ல தீர்வு பலருக்கும் தெரியாமலே இருக்கிறது: இசட்ராம். அதிகம் தொடப்படாத பகுதிகளை டிஸ்குக்கு அனுப்புவதற்குப் பதிலாக, அவற்றைச் சுருக்கி ராமுக்குள்ளேயே ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்ளும் வசதி அது. 2014இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து முழுமையாக இடம்பெற்றிருக்கிறது. பொதுவாக இரண்டு மடங்கு, சில சமயம் மூன்று மடங்குகூடச் சுருங்கும். 2 ஜிபி லேப்டாப் ஏறத்தாழ 3 ஜிபி இருப்பதுபோல் நடந்துகொள்ளும். சுருக்கி விரிக்கக் கொஞ்சம் பிராசசர் உழைப்பு தேவைதான், ஆனாலும் டிஸ்குக்குப் போய் வருவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஃபெடோராவில் இது தானாகவே இயங்குகிறது. டெபியன், உபுண்டு வழி வந்தவற்றில் ஒரு சிறிய பொதியை (மென்பொருள் தொகுப்பை) நிறுவினால் போதும். 4 ஜிபிக்குக் கீழே இருக்கும் எந்த லேப்டாப்பிலும் நிறுவல் முடிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை என்று இதைச் சொல்வேன்.

பிரவுசர்தான் பெரிய பாரம்

டெஸ்க்டாப்பில் முன்னூறு எம்பி மிச்சம் பிடிக்க மூன்று நாள் டிஸ்ட்ரோ தேடி, கடைசியில் பிரவுசரில் எட்டு டேப் திறந்தால் என்ன ஆகும்? மிச்சம் பிடித்தது முதல் இரண்டு டேபுக்கே போய்விடும். இன்றைய இணையத்தளங்களில் பல, முழு மென்பொருளாகவே வந்து இறங்குகின்றன. ஒரு மின்னஞ்சல் பக்கமோ அலுவலக உரையாடல் பக்கமோ மட்டும் சில நூறு எம்பி பிடிப்பது சாதாரணம். இதை எந்த டிஸ்ட்ரோவாலும் குறைக்க முடியாது, ஏனென்றால் எல்லாவற்றிலும் ஓடுவது அதே பயர்பாக்ஸ் அல்லது குரோமியம்தான்.

நம்மால் முடிந்தது சில உண்டு. விளம்பரத் தடுப்பான் ஒன்றைச் சேருங்கள். பழைய லேப்டாப்பில் அது வசதிக்காக மட்டும் வைப்பதில்லை, பக்கத்தோடு வரும் ஸ்கிரிப்ட்களின் பாதிச் சுமையையே இறக்கிவிடக் கூடியது. பார்க்காத டேபுகளை மூடுங்கள், அல்லது தூங்கவையுங்கள். மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டு போலத் தனி மென்பொருள் வைத்துக்கொண்டால் ஒரு கனமான டேப் குறையும்.

வீடியோவின் கதை தனி. ஒரு வீடியோவை விரித்துக் காட்டும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப் செய்தால் பிராசசர் ஓய்வாக இருக்கும். சிப்புக்கு அந்த வடிவம் தெரியாவிட்டால் முழுப் பாரமும் பிராசசர் தலையில் விழும். 2011இல் வந்த இன்டெல் இரண்டாம் தலைமுறைக் கோர் சிப்களுக்கு எச்.264 வடிவம் நன்றாகத் தெரியும். ஆனால் யூடியூப் இப்போது விபி9, ஏவி1 வடிவங்களைத்தான் முதலில் நீட்டுகிறது. இன்டெலில் விபி9ஐ முழுமையாக விரிக்கும் திறன் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது, ஏவி1க்கு 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால்தான் பழைய லேப்டாப்பில் யூடியூப் திறந்ததும் விசிறி அலறுகிறது. எச்.264ஐ மட்டும் கேட்டு வாங்கும்படி செய்யும் பிரவுசர் துணை மென்பொருட்கள் இருக்கின்றன. அதில் ஒன்றைப் போட்டு, தரத்தை 720பியில் நிறுத்தினால் பத்து வருட லேப்டாப்பிலும் வீடியோ தடங்கலின்றி ஓடும்.

எதைப் போடுவது

இப்போது டிஸ்ட்ரோவுக்கு வரலாம். 64 பிட் பிராசசரும் 4 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தால், எக்ஸ்எஃப்சிஇயோடு வரும் லினக்ஸ் மின்ட்டைத் தயங்காமல் சொல்வேன். இருப்பதிலேயே லேசானது என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் புதிதாக வருகிறவர் மாட்டிக்கொள்ளும் சின்னச் சின்ன இடங்களை அவ்வளவு அக்கறையோடு சரிசெய்து வைத்திருக்கிறார்கள், ஐந்து வருட ஆதரவும் உண்டு. கற்றுக்கொள்ளத் தொடங்கும் ஒருவருக்கு நூறு எம்பி மிச்சத்தைவிட இது முக்கியம்.

2 ஜிபிதான் இருக்கிறது என்றால் எல்எக்ஸ்கியூடி அல்லது எக்ஸ்எஃப்சிஇயோடு டெபியன். லுபுண்டுவும் நல்லதுதான், ஆனால் அதில் பயர்பாக்ஸ் ஸ்னாப் வடிவில் வருகிறது. ஸ்னாப் என்பது சுருக்கிய ஒரே கோப்பாக மென்பொருளைக் கட்டித் தரும் முறை; சுழலும் டிஸ்கில் முதல் தடவை திறக்க நன்றாகவே நேரம் எடுக்கும். லுபுண்டுவை விரும்புகிறவர்கள் பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவே தரும், டெபியன் வகை டெப் பொதியை அதற்குப் பதில் நிறுவிக்கொள்ளலாம். ஒரு ஜிபி அல்லது அதற்கும் கீழே என்றால் ஆன்டிக்ஸ். பேரி காவ்லர் 2003இல் தொடங்கிய பப்பி லினக்ஸும் இந்த இடத்துக்குப் பொருத்தமானது. பென் டிரைவிலிருந்து முழுவதும் ராமுக்குள் ஏறி இயங்கும் என்பதால், டிஸ்க் பழுதான லேப்டாப்புக்குக்கூட உயிர் கொடுக்கும்.

கோர் 2 டியோ வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது 64 பிட்தான், ஆனால் சில டிஸ்ட்ரோக்கள் 64 பிட்டிலேயே புதிய கட்டளைத் தொகுதிகளை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டன. 2022இல் வந்த ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9உம் அதை ஒட்டி வரும் டிஸ்ட்ரோக்களும் கோர் 2 டியோவில் ஓடாது. டெபியனில் அந்தத் தடை இல்லை.

போட்டுப் பார்ப்பது

முதலில் கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுங்கள், முடிந்தால் இரண்டு இடத்தில். நகலைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். அப்புறம் டிஸ்ட்ரோவின் சொந்தத் தளத்திலிருந்து, டிஸ்ட்ரோ முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் கொண்டு பென் டிரைவில் எழுதுங்கள். இரண்டு மூன்று டிஸ்ட்ரோக்களைப் பார்க்க ஆசை என்றால் வென்டாய் வசதியானது. ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே பென் டிரைவில் போட்டுவைத்தால் பூட் ஆகும்போது பட்டியலாகக் காட்டும். லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்2, எஃப்9, எஃப்12, எஸ்கேப் இவற்றில் ஏதோ ஒன்று பூட் பட்டியலைத் திறக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

நிறுவாமலே லைவ் முறையில் இயக்கிப் பார்ப்பதுதான் லினக்ஸின் பெரிய கொடை. அதை அவசரப்பட்டு வீணாக்க வேண்டாம். வேகத்தை இந்தக் கட்டத்தில் எடைபோடாதீர்கள், யூஎஸ்பி 2.0 வழியாகப் பென் டிரைவிலிருந்து ஓடும் எதுவும் மெதுவாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது வைஃபை, ஒலி, டச்பேட், திரை வெளிச்சப் பொத்தான்கள். கடைசியாக, மூடித் திறந்தால் லேப்டாப் தூங்கி எழுகிறதா என்பது. அடிக்கடி தகராறு செய்வது இந்தக் கடைசி விஷயம்தான், அதைத்தான் பலர் சோதிப்பதும் இல்லை.

வைஃபை வரவில்லை என்றால் பெரும்பாலும் அதற்குரிய ஃபர்ம்வேர் (சிப்பை இயக்கும் சிறு மென்பொருள்) இல்லாததே காரணம். 2023இல் வந்த டெபியன் 12 முதல் பெரும்பாலான ஃபர்ம்வேர்கள் நிறுவியிலேயே வந்துவிடுகின்றன. பழைய பிராட்காம் சிப்கள் சிலவற்றுக்கு மட்டும் இணையத்திலிருந்து தனியாக இறக்க வேண்டும். இணையத்துக்கே வைஃபை இல்லையே என்றால், கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கை (இணையப் பகிர்வை) இயக்குங்கள். லினக்ஸுக்கு அது கேபிள் இணைப்பாகவே தெரியும்.

பிரவுசர் திறந்தால் எல்லாத் தளங்களுமே பாதுகாப்பற்றவை என்று எச்சரிக்கை வருகிறதா? கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சின்ன வட்ட பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல வருடங்கள் பின்னால் போய்விடும். இன்னும் பிறக்காத சான்றிதழைக் காட்டுகிறார்களே என்று பிரவுசர் மறுத்துவிடும். அந்த பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது. லேப்டாப்பைத் திறக்கும் அந்த நேரத்திலேயே விசிறியில் அடைந்திருக்கும் தூசியையும் எடுத்துவிடுங்கள். சூடேறிய பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், பல லேப்டாப்களின் "வயதான" மந்தத்தில் இதற்கும் பங்கு உண்டு.

எல்லாம் சரியாக இருந்தால், முழு டிஸ்கையும் லினக்ஸுக்கே கொடுத்து நிறுவுவதுதான் சிக்கலில்லாத வழி. டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்யவா என்று நிறுவி கேட்கும். வெளியே எடுத்துப்போகும் லேப்டாப்புக்கு அது நல்லது. ஆனால் கோர் 2 டியோ போன்ற பழைய சிப்களில் குறியாக்கத்துக்கென்று தனிக் கட்டளைகள் கிடையாது, ஒவ்வொரு வாசிப்புக்கும் பிராசசர் உழைக்க வேண்டியிருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். அதேபோல, 2018இல் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசசர் பாதுகாப்பு ஓட்டைகளுக்கான தடுப்புகளை அணைத்தால் வேகம் கூடும் என்று ஆலோசனை சொல்வார்கள். வேகம் கூடுவது உண்மைதான், ஆனாலும் இணையம் பார்க்கும் எந்த லேப்டாப்பிலும் நான் அதைச் செய்ய மாட்டேன்.

மிகச் சிறிய டிஸ்ட்ரோக்களில் தமிழ் எழுத்துருவே இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரியலாம். நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவினால் சரியாகும். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளும் அதற்கான எம்17என் பொதியும் போதும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் அதில் இருக்கின்றன.

32 பிட் மட்டும் தனிக் கதை

2008 வாக்கில் வந்த நெட்புக்குகளின் ஆட்டம் என்270, அதற்கு முந்தைய பென்டியம் எம், 2006இன் கோர் டுயோ எல்லாம் 32 பிட் மட்டுமே. இவற்றுக்கு வாசல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. கூகுள் குரோம் 2016 மார்ச்சில் 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. ஆர்ச் 2017இல், ஃபெடோரா 2019இல். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் பிசிக்கான நிறுவியும் கெர்னலும் இல்லை. பயர்பாக்ஸும் 145ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் லினக்ஸுக்குத் தருவதை நிறுத்திவிட்டது. பராமரிக்க ஆளில்லாமல் போனதுதான் காரணம். சோதித்துப் பார்க்கவே அந்த லேப்டாப்கள் பலரிடம் இல்லை.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு வகையும் உண்டு. 2014 வாக்கில் வந்த சில மலிவான ஆட்டம் லேப்டாப்களில் பிராசசர் 64 பிட், பூட் செய்யும் அடிப்படை மென்பொருளான யூஇஎஃப்ஐ மட்டும் 32 பிட். அவற்றில் சரியான பென் டிரைவைச் செருகினாலும் பூட் பட்டியலில் அது தென்படாது. 32 பிட் யூஇஎஃப்ஐக்கான பூட் கோப்பைச் சேர்த்துத் தரும் டிஸ்ட்ரோவைத் தேடிப் போட்டால் மற்றபடி அது 64 பிட் லேப்டாப்தான்.

உண்மையான 32 பிட் லேப்டாப்புக்கு இப்போது நல்ல வழி, டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிக்ஸ் 23இன் 32 பிட் பதிப்பு. டெபியன் 12க்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூனில் முடிகிறது. இணையத்தில் இணைத்துப் பயன்படுத்துவதற்கு அதையே கெடுவாக வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் இணைக்காமல் எழுதவும், பாட்டுக் கேட்கவும், பழைய ஸ்கேனரை ஓட்டவும் வைத்திருக்கும் லேப்டாப்புக்கு அந்தக் கெடு பொருந்தாது. தேவையான பொதிகளை இப்போதே இறக்கி நிறுவிவிட்டு, ஐஎஸ்ஓ கோப்பின் நகல் ஒன்றையும் பத்திரப்படுத்திக்கொண்டால், டிஸ்க் இருக்கும்வரை அது ஓடும்.